சேர்வதா, தள்ளி இருப்பதா, விலகுவதா: ஒரு சீசன் போகட்டும்

என் கணவர் போனில் கிரிக்கெட் பெட்டிங் விளையாடுவதை விட்டு மூன்று மாதம் ஆனபின், ஒரு கார்த்திகை மழைநாளில், திருகோணமலை உப்புவெளியில் நான் பிரிந்து வந்து இருந்த என் அம்மா வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பை, பைக்குள் பிள்ளைக்கு ஒரு சட்டை. அம்மா என்னைப் பார்த்து, "பிள்ளை, திருந்தி வந்த மனுசனை வாசலில நிக்க வைக்காத" என்றார். உள்ளே இருந்து தம்பி, "அக்கா, திரும்பவும் ஏமாறப் போறியா?" என்று கேட்டான். இரண்டு பேரும் என் மேல் உள்ள பாசத்தில்தான் சொன்னார்கள். நனைந்து வந்தவருக்குத் துவாயும் தேத்தண்ணீரும் கொடுத்து, பிள்ளையோடு ஒரு மணி நேரம் இருக்க விட்டு, "யோசித்துச் சொல்கிறேன்" என்று அனுப்பினேன்.

அம்மா சொன்னது ஒரு வழி, தம்பி சொன்னது இன்னொரு வழி. உறவை வெட்டாமல், வீட்டையும் காசையும் மட்டும் தனித்தனியாக வைத்துக்கொண்டு ஒரு காலம் பார்ப்பது மூன்றாவது வழி. நான் அதில்தான் போனேன். பெரும்பாலான வீடுகளுக்கு அதுவே சரி என்றும் நினைக்கிறேன். இதே இடத்தில் நிற்கிற பெண்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள், சில ஆண்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

மூன்று மாதம் என்பது எந்த மூன்று மாதம்?

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்ற கையேடு, சூதாட்டக் கோளாறை மது, போதைப்பொருள் அடிமைத்தனங்களோடு ஒரே அத்தியாயத்தில் வைத்தது. அறிகுறிகள் எதுவுமில்லாமல் மூன்று மாதம் கடந்தால் அது ஆரம்பத் தணிவு, பன்னிரண்டு மாதம் கடந்தால்தான் நிலைத்த தணிவு என்று அதில் இருக்கிறது. இரண்டு இடத்திலும் 'குணமாகிவிட்டது' என்ற சொல் இல்லை. இந்தக் கணக்கு எனக்கு முதலில் தெரிந்திருந்தால் அன்று வாசலில் அவ்வளவு தடுமாறியிருக்க மாட்டேன்.

எங்கள் ஊருக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. அவர் நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறார். மே தொடங்கி செப்டம்பர் வரை கடல் அமைதி, அறைகள் நிறையும், டிப்ஸ் நாளாந்தம் கையில் புரளும். பிறகு வாடைக்காற்றும் மழையும் வந்தால் அடிப்படைச் சம்பளத்தோடு காலம் போகும். திமிங்கிலம் பார்க்கப் படகு விடுபவர்களுக்கும் கரைவலைக்காரருக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். என் கணவர் விளையாட்டை நிறுத்தியது ஓகஸ்ட் கடைசியில். ஆக, அந்த மூன்று மாதத்தில் பெரும்பகுதி அவர் கையில் காசே இல்லாத காலம். ஐபிஎல் பங்குனியில் தொடங்கும், அது முடியும் நேரத்தில் ஹோட்டல் சீசன் தொடங்கும். அவரை விழுத்தியதே அந்த இரண்டும் சேர்ந்து வருகிற மாதங்கள்தான். மாரியில் விளையாடாமல் இருந்ததை நான் குறைத்துச் சொல்லவில்லை, கஷ்டப்பட்டுத்தான் இருந்திருக்கிறார். ஆனால் அதை வைத்து ஒரு குடும்பத்தைத் திரும்பக் கட்டுவது அவசரம்.

உடனே சேர்ந்திருந்தால் அந்த மே மாதம் எங்கள் வீட்டுக்குள் வந்திருக்கும். நான் இரவில் அவர் தூங்கியபின் போனை எடுத்துப் பார்க்கிற ஆளாகியிருப்பேன். முன்பு ஒரு வருடம் அப்படி இருந்திருக்கிறேன், அது வாழ்க்கை இல்லை. விலகியிருந்தால் அவருடைய மே மாதம் எனக்குச் சம்பந்தமில்லாதது. தள்ளி இருந்ததால் அந்தச் சீசனை வெளியே நின்று முழுதாகப் பார்க்க முடிந்தது.

கடன் கொப்பி

மூன்று வழிகளும் உண்மையில் பிரிவது இங்கேதான். அந்தக் கையேடு சொல்லும் ஒன்பது அறிகுறிகளில் இரண்டு இங்கே முக்கியம். ஒன்று, விளையாட்டை மறைக்கப் பொய் சொல்வது. மற்றது, காசு நெருக்கடி முற்றும்போது அடுத்தவர் காசில் தப்பிக்கொள்வது. அவர் விளையாடுகிறாரா என்பதை உங்களால் பார்க்க முடியாது, அது கைக்குள் இருக்கிற ஒரு சின்னத் திரை. கடனைப் பார்க்கலாம்.

நான் இரண்டு பட்டியல் கேட்டேன். ஒன்று கிரிப் அறிக்கை, அதாவது கடன் தகவல் பணியகம் தருகிற அறிக்கை. வங்கிகளிலும் பதிவுபெற்ற நிதி நிறுவனங்களிலும் உள்ள கடன்கள், பிணை நின்ற கடன்கள் எல்லாம் அதில் வரும். ஒருவர் தன்னுடைய அறிக்கையைத் தானே கேட்டு எடுக்கலாம். ஆனால் வட்டிக்காரர், கூட வேலை செய்பவர், எடுத்துவிட்டுக் கட்டாத சீட்டு, பெட்டிக்கடைக் கணக்கு எதுவும் அதில் வராது. அதற்கு அவர் கைப்பட எழுதிய இரண்டாவது பட்டியல். முதலில் ஏழு பெயர் எழுதித் தந்தார். இரண்டு கிழமை கழித்து அவராகவே வந்து, "இன்னும் ரெண்டு பேர் இருக்கினம், சொல்ல வெக்கமா இருந்தது" என்றார். ஒன்பதைக் கண்டு எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் எங்கள் கல்யாண வாழ்க்கையில் காசு விஷயத்தில் அவர் நான் கேட்காமலே வாய் திறந்த முதல் நாள் அது. அன்று இரவுதான், விலகுவது என்ற எண்ணத்தை நான் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

சேர்கிற வீடுகளில் பெரியவர்கள் கூடி ஒரே அடியாகக் கடனை அடைத்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். மாமி சாம்பல்தீவில் இருந்த காணியை விற்கத் தயாராக நின்றார். நான் மறுத்தேன், மாமி பல நாள் என்னோடு கதைக்கவில்லை. இருந்தும் இதில் எனக்குச் சந்தேகம் இல்லை: கடன் முழுவதும் ஒரு நாளில் மறைந்தால் கழுத்தில் இருந்த பாரமும் அதே நாளில் மறையும், திரும்பக் கடன் கேட்க முகமும் வந்துவிடும். அவர் சம்பளத்தில் அவரே மாதம் மாதம் கட்ட வேண்டும். அவசரமாக மீட்க வேண்டியது அடைவில் இருக்கிற நகை மட்டும்தான், தவணை தப்பினால் ஏலத்தில் போய்விடும். ரசீதுகளை வாங்கித் திகதியைப் பாருங்கள்.

எந்த வழியில் போனாலும் பிணைக் கையொப்பம் போடாதீர்கள். அவர் தனியாக வாங்கிய கடன், மனைவி என்பதற்காக உங்கள் தலையில் வராது. கையொப்பம் போட்டிருந்தால் பிரிந்த பிறகும் உங்களைத் தேடி வரும். ஏற்கெனவே போட்டிருந்தால் முதலில் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள், சேர்வதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

அவருடைய உயிர்

இதை எழுதக் கை தயங்குகிறது, ஆனாலும் எழுத வேண்டும். சூதாட்டத்தில் வீழ்ந்தவர்களிடம் தற்கொலை எண்ணம் அதிகம். எல்லாம் வெளியே தெரியவந்த பிறகு, கடனும் வெட்கமும் ஒன்றாக நெரிக்கிற நாட்களில் அது கூடும். "தனியாக விட்டால் ஏதாவது செய்துவிடுவார்" என்ற பயத்தில் சேர்ந்தவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் அதற்கு மருந்து நீங்கள் ஒருவர் மட்டும் காவல் இருப்பதில்லை. தள்ளி இருப்பது என்றால் அவரைத் தனியே விடுவது என்று பொருளில்லை. அவர் உவர்மலையில் தன் அண்ணா வீட்டில் இருந்தார், தனி அறை எடுக்க நான் சம்மதிக்கவில்லை. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் 24 மணி நேரமும் இயங்குகிறது. அதை அவர் போனிலும் அண்ணா போனிலும் பதிந்து வைத்தோம்.

பொது வைத்தியசாலை மனநலப் பிரிவிலும் பிரதேச செயலக உளவளத்துணையாளரிடமும் போய்க் கேட்கலாம். இதற்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இல்லை. மனச்சோர்வோ தூக்கமின்மையோ இருந்தால் அதற்குத் தருவார்கள். பயன் தருவது பேச்சுச் சிகிச்சைதான், குறிப்பாக எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றுகிற வகை: 'விட்டதைப் பிடிக்கலாம்', 'கொஞ்சத்தில் தப்பிவிட்டது, அடுத்தது எனக்குத்தான்' என்ற எண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது. அவர் போகிறாரா என்பதும் நான் பார்த்த விஷயங்களில் ஒன்று.

விலகுவது சரியாகும் இடம்

கை நீட்டினால், மிரட்டினால், பிள்ளையின் சங்கிலியில் கை வைத்தால், பட்டியல் தர மறுத்தால், "உன்னாலதான் விளையாடினேன்" என்பதே அவர் பேச்சாக இருந்தால், தள்ளி இருந்து பார்க்க ஒன்றும் இல்லை. அடி, மிரட்டல் இருந்தால் 2005ஆம் ஆண்டு வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம்.

சட்டப்படி விலகும் பாதை நீளமானது என்பதையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள். பொதுச் சட்டத்தில் சூதாட்டம் விவாகரத்துக்கு ஒரு காரணம் இல்லை. பிறர்மனை உறவு, தீய எண்ணத்தோடு கைவிடல், தீராத ஆண்மையின்மை என்பவையே காரணங்கள். கிண்ணியா, மூதூர் பக்கத்து முஸ்லிம் சகோதரிகளுக்கு வேறு சட்டம், காதி நீதிமன்றம். ஆனால் 1999ஆம் ஆண்டு பராமரிப்புச் சட்டத்தின்படி செலவுக்குக் கேட்க விவாகரத்து வரை காத்திருக்க வேண்டியதில்லை. வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

தள்ளி இருப்பதன் விலை

இரண்டு வீட்டுச் செலவு. பத்திரகாளி அம்மன் கோயில் வாசலில் "இன்னும் சேரேல்லையோ?" என்ற கேள்வி. காய்ச்சல் வந்த இரவில் பிள்ளையோடு தனியாக இருப்பது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பிள்ளையைக் கோட்டைப் பக்கம் மான் பார்க்கக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடும்போது, பிள்ளை அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழும். அந்த நேரத்தில் நான் செய்வது சரிதானா என்று ஒவ்வொரு கிழமையும் கேட்டிருக்கிறேன். சேர்ந்தவர்களுக்கும் விலகியவர்களுக்கும் பிள்ளையிடம் சொல்ல ஒரு தெளிவான பதில் இருக்கும். எங்களிடம் இருக்கவில்லை.

இன்னொரு ஆபத்து, முடிவே இல்லாமல் இழுபடுவது. அதனால் திகதி வைக்க வேண்டும். நாங்கள் செப்டம்பர் முடிவை வைத்தோம்: ஒரு ஐபிஎல், ஒரு முழுச் சீசன்.

அது சுத்தமாக முடியவில்லை. ஜூலையில் ஒரு இரவு அழைத்து, ஐந்நூறு ரூபாய் கட்டிவிட்டேன், போய்விட்டது, நிறுத்திவிட்டேன் என்றார். நான் அழுதேன். அடுத்த நாள் நிதானமாக யோசித்தபோது இரண்டும் தெரிந்தது: திரும்ப விளையாடியிருக்கிறார், அன்றிரவே சொல்லியிருக்கிறார். ஒரே வீட்டில் இருந்திருந்தால் அதை என்னிடம் சொல்லியிருப்பாரா என்று எனக்கு இன்றும் உறுதியில்லை. திகதியைத் தை மாதத்துக்குத் தள்ளினேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை.

தையில் சேர்ந்தோம். சம்பளம் என் பெயரில் உள்ள கணக்குக்கு வருகிறது. அவர் போனில் வங்கிச் செயலி இல்லை. இப்போது அடுத்த சீசன் நடக்கிறது. இரவு வேலை முடிந்து வந்ததும் டிப்ஸை மேசையில் வைத்துவிட்டுத்தான் கை கழுவப் போவார், நான் எண்ணிக் கொப்பியில் எழுதுவேன். ஒன்பது பெயரில் ஆறு வெட்டியாகிவிட்டது.