பெட்ரா ஆல்பங்களில் எது உசத்தி? கரண்ட் போன பிறகு பார்க்கலாம்

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி பக்கத்துச் சபைகளில் கிட்டார் பிடித்து இப்போது ஐம்பதை நெருங்கும் இரண்டு பேரைச் சேர்த்து உட்காரவைத்தால், கொஞ்ச நேரத்தில் பெட்ரா குழுவின் பேச்சு வந்துவிடும். வந்ததும் கட்சி பிரியும். ஒரு பக்கம் கிரெக் வோல்ஸ் ஆட்கள், இன்னொரு பக்கம் ஜான் ஷ்லிட் ஆட்கள். காப்பி எடுத்த கேசட்டிலிருந்து இன்னொரு காப்பி எடுத்துக் கேட்ட தலைமுறை இது. அட்டையில் எழுதிய பெயரும் உள்ளே ஓடும் பாட்டும் பல வீடுகளில் பொருந்தாது. ஆனால் எந்தப் பாடகர் உசத்தி என்பதில் மட்டும் யாரும் இறங்கிவர மாட்டார்கள்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஃபோர்ட் வேன் ஊரில் 1972-இல் கிட்டார் கலைஞர் பாப் ஹார்ட்மன் தொடங்கிய கிறிஸ்தவ ராக் குழு பெட்ரா. முதல் ஆல்பம் 1974-இல் வந்தது. 2005-இல் விடைபெறும் சுற்றுப்பயணம் போனார்கள், அதற்குப் பிறகும் அவ்வப்போது கூடினார்கள். பெரும்பாலான பாட்டுகள் ஹார்ட்மன் எழுதியவை. எண்பதுகளின் முதல் பாதியில் பாடியவர் வோல்ஸ். 1986-இல் அந்த இடத்துக்கு வந்தவர், ஹெட் ஈஸ்ட் என்ற ராக் குழுவில் பாடிய ஷ்லிட். வோல்ஸின் குரல் மெலிந்து உயரும். ஷ்லிட்டின் குரல் கரகரவென்று கிழித்துக்கொண்டு போகும். சண்டைக்கு இது போதாதா?

நான் குரலை வைத்து வரிசைப்படுத்தவில்லை. என் கணக்கு வேறு. இங்கே மழைக்காலத்தில் ஏதாவது ஒரு மரம் கம்பிமேல் சாய்ந்தால் அன்றைய பாட்டுப் பயிற்சி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்தான். டிசம்பரில் வீடுவீடாகப் போய் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கேரல் ரவுண்ட்ஸ் என்றால் எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்கு ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டா போக முடியும்? ஒரு சாதா கிட்டார், விறைத்த விரல்கள், குளிருக்குச் சுருதி ஏறும் கம்பிகள், அவ்வளவுதான். அப்போது எந்தப் பாட்டு நிற்கிறதோ அதுதான் பாட்டு. ராக் இசையை ஒயரைப் பிடுங்கிவிட்டு எடை போடுவது அநியாயம் என்று ஷ்லிட் ஆட்கள் சொல்வார்கள். அநியாயம்தான். ஆனாலும் மெட்டும் சொல்லும் எவ்வளவு, ஸ்டுடியோ பூசியது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அந்தக் கணக்கில் முதல் இடம் 1983-இல் வந்த 'நாட் ஆஃப் திஸ் வேர்ல்ட்'. ஆல்பம் சொற்கள் இல்லாமல் கீபோர்டு இசையோடு தொடங்குகிறது. உள்ளே கேட்பது நம் ஆலயங்களில் ஆர்கனில் கேட்டுப் பழகிய டாக்ஸாலஜி என்ற துதிப்பாட்டின் மெட்டு, பதினாறாம் நூற்றாண்டு ஜெனீவா சங்கீதப் புத்தகத்திலிருந்து வந்தது. ராக் என்றாலே முகம் சுளிக்கும் பெரியவர்கள் இந்த முதல் நிமிடத்தைக் கேட்டால் எதிர்க்க ஒன்றும் கிடைக்காமல் உட்கார்ந்துவிடுவார்கள். பிறகு தலைப்புப் பாட்டு. இந்த உலகத்தில் நாம் பரதேசிகள் என்பதுதான் பொருள், மெட்டில் அவசரமே கிடையாது.

ஆனால் இந்த ஆல்பத்தை முதலிடத்தில் நிறுத்துவது 'கிரேவ் ராப்பர்'. 'மரணமே! உன் கூர் எங்கே? பாதாளமே! உன் ஜெயம் எங்கே?' என்ற பைபிளின் கொரிந்தியர் வசனத்தை வைத்துக் கட்டிய பாட்டு. கல்லறையைக் கொள்ளையிட வருபவர் கிறிஸ்து என்ற துணிச்சலான கற்பனை. இதை ஒற்றைக் கிட்டாரில், மெதுவாக, துக்க வீட்டில்கூடப் பாடலாம். இங்கிலீஷ் சரியாகப் புரியாதவர்களுக்கும் அதன் தொனி புரிந்துவிடும். வோல்ஸின் குரலுக்கே தைத்த மெட்டு இது. ஷ்லிட் ஆட்களிடம் இதற்குப் பதில் இல்லை, அவர்களும் அதை ஒப்புக்கொள்வார்கள். மற்றப் பாட்டுகள் எல்லாமே இந்தத் தரம் என்று சொல்லமாட்டேன். 'பைட் பைப்பர்' எனக்கு இன்றுவரை ஒட்டவில்லை.

இரண்டாவது, அதற்கு முந்தின வருடத்து 'மோர் பவர் டு யா'. இதில் ஒரு குறும்பு உண்டு. ராக் இசைத்தட்டைத் தலைகீழாகச் சுற்றினால் பிசாசின் செய்தி கேட்கும் என்று அமெரிக்காவில் பீதி கிளம்பிய காலம். இங்கேயும் கன்வென்ஷன் மேடைகளில் அதைச் சொல்லிப் பயமுறுத்தியவர்கள் உண்டு. பெட்ரா என்ன செய்தார்கள்? 'ஜூடாஸ் கிஸ்' பாட்டுக்கு முன்னால் வேண்டுமென்றே ஒரு வாக்கியத்தைத் தலைகீழாகப் பதிந்துவைத்தார்கள். திருப்பிக் கேட்டால், கர்த்தரைத் தேட வேண்டிய நீ பிசாசை எதற்குத் தேடுகிறாய் என்று வரும். கேசட்டில் கேட்ட எங்களுக்கு அது வெறும் முணுமுணுப்பு, சிலர் டேப் சிக்கிவிட்டது என்று நிறுத்தியதும் உண்டு.

கரண்ட் இல்லாமல் இந்த ஆல்பத்தில் நிற்பவை இரண்டு. மைக் ஹட்சன் எழுதிய 'ரோடு டு சயன்' ஒன்று. மேடேறி நடந்துகொண்டே பாடலாம், மூச்சு வாங்காது; கேரல் குழுவுக்கு இதைவிட என்ன வேண்டும்? இன்னொன்று 'ரோஸ் கலர்ட் ஸ்டெயின்ட் கிளாஸ் விண்டோஸ்'. வண்ணக் கண்ணாடி ஜன்னலுக்குள் சுகமாக உட்கார்ந்து வெளியுலகத்தின் அழுகையைக் கேட்காத சபையைக் கிண்டல் செய்கிறது. 1830-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட ஊட்டி ஸ்டீபன்ஸ் சர்ச் மாதிரி வண்ணக் கண்ணாடிக்குப் பெயர்போன ஆலயங்கள் உள்ள மலையில் இதைப் பாடுவதற்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும். வாலிபர் ஞாயிறு அன்று இதைப் பாட வேண்டாம் என்று ஐயர், அதாவது சபைப் போதகர், சொன்னால் அவரையும் குறைசொல்ல முடியாது.

மூன்றாவதுதான் 'பியாண்ட் பிலீஃப்', 1990. சண்டை இங்கேதான் சூடாகும். ஜானும் டினோவுமாக எலஃபான்டே சகோதரர்கள் தயாரித்தது. ஜான் எலஃபான்டே கான்ஸஸ் குழுவில் பாடியவர். கிராமி இசை விருது வாங்கிய ஆல்பம். டிரம்ஸ் சத்தம் மண்டபம் நிறைய விரிகிறது, குரல்கள் அடுக்கடுக்காக ஏறுகின்றன. 'ஆர்ம்ட் அண்ட் டேஞ்சரஸ்' தொடங்கினால் ஸ்பீக்கர் இருக்கும் அறையில் யாரும் சும்மா உட்கார முடியாது. நல்ல ஸ்பீக்கரும் கரண்டும் இருந்தால் என் வரிசையும் மாறிவிடும், இதுதான் முதல். கரண்ட் போனால் தலைப்புப் பாட்டு பாதியாகக் குறுகிவிடுகிறது. தாங்குபவை 'பிரேயர்', 'கிரீட்' இரண்டும்தான். 'கிரீட்' வேறு எதுவுமில்லை, ஞாயிற்றுக்கிழமை நாம் எழுந்து நின்று தூக்கக் கலக்கத்தில் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தின் பாட்டு வடிவம். அதை ஷ்லிட் பாடும்போது, ஒவ்வொரு வரியும் யாரோ உயிரைப் பணயம் வைத்துச் சொன்னது என்று முதல் தடவையாக உறைக்கும். இந்த ஒரு பாட்டுக்காக ஷ்லிட் கட்சிக்கு மாறியவர்களை எனக்குத் தெரியும்.

'பெட்ரா பிரெய்ஸ்: த ராக் கிரைஸ் அவுட்', 1989. இதைப் போட்டியிலேயே சேர்க்கவில்லை. ஏற்கெனவே சபைகளில் பாடிவந்த துதிப் பாடல்கள் பலவற்றை எடுத்துப் பாடிய ஆல்பம். ஆனால் இங்கே வாலிபர் கூட்டங்களில் எது அதிகம் பாடப்பட்டது என்று கேட்டால் மற்ற எல்லாவற்றையும் கூட்டினாலும் இதற்குக் கிட்ட வராது. கிட்டாரில் நாலு கார்டு (chord) பிடிக்கத் தெரிந்தவன் அன்றைக்கே ஆராதனை நடத்திவிடலாம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1981-இன் 'நெவர் சே டை' 'கலரிங் சாங்' ஒன்றுக்காகவே கேட்க வேண்டியது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் பிடிக்கும். 'திஸ் மீன்ஸ் வார்!', 'ஆன் ஃபயர்!' இரண்டும் போர்க்கள உற்சாகம். ஒன்றைக் கேட்டால் மற்றதைக் கேட்ட மாதிரிதான், 'ஃபர்ஸ்ட் லவ்' மட்டும் தனி. 'அன்சீன் பவர்' ஆல்பத்தின் 'ஹூஸ் ஆன் த லார்ட்ஸ் சைட்' பாட்டுக்குக் கிட்டாரே வேண்டாம், கைதட்டு போதும். கடைசி இடம் 'பீட் த சிஸ்டம்'. 'கம்ப்யூட்டர் பிரெய்ன்ஸ்' போன்ற பாட்டில் சிந்தசைசரை எடுத்துவிட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது. பஞ்சத்தைப் பற்றிய 'ஹாலோ ஐஸ்' அந்த ஆல்பத்தில் தப்பிப் பிழைத்தது. 2003-இன் 'ஜெக்கில் அண்ட் ஹைட்', நியூஸ்பாய்ஸ் குழுவின் பீட்டர் ஃபர்லர் தயாரித்தது, செம அடி. என் கணக்குக்கு அது ஒத்துவராது, தவறு அதனுடையது அல்ல.

அப்புறம், கரண்ட் இல்லாக் கணக்கென்றால் 2000-இன் 'டபுள் டேக்' முதலில் வர வேண்டாமா என்று கேட்கலாம். பழைய பாட்டுகளைப் பெட்ராவே அகூஸ்டிக்காக, அதாவது சாதா கிட்டார் பாணியில், திரும்பப் பாடி, கிராமியும் வாங்கிய ஆல்பம் அல்லவா? கேட்டுப் பாருங்கள். 'கிரீட்', 'பியாண்ட் பிலீஃப்' இரண்டையும் அதில் அந்தக் கால வானொலிக்குத் தகுந்த மாதிரி இழைத்து, நடையை மாற்றி, முனை மழுக்கியிருக்கிறார்கள். கூட்டத்தோடு சேர்ந்து பாட வராது. பழைய ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு, வீட்டில் இருக்கும் கிட்டாரை எடுத்து நீங்களே வாசிப்பது மேல்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் 'நாட் ஆஃப் திஸ் வேர்ல்ட்' முழுவதையும் முதலில் கேளுங்கள். வீட்டில் பதினாறு வயதுப் பையன் இருந்தால் அவனிடம் மட்டும் 'பியாண்ட் பிலீஃப்' கொடுங்கள், ஹெட்போனோடு.