ஆயிரம் ரூபாய் ஸ்கேனர், ஆக்டேவியா விஆர்எஸ்ஸுக்குத் தாங்குமா?

கிருஷ்ணகிரியில் ஸ்கோடாவின் ஆக்டேவியா விஆர்எஸ் கார் வைத்திருப்பவர்கள் செக் என்ஜின் லைட் எரிந்ததும் பெங்களூருக்கு 90 கிலோமீட்டர் ஓட்டுகிறார்கள். தர்மபுரிக்காரர்கள் தொப்பூர் இறங்கி சேலம் போகிறார்கள். அந்த அலைச்சல் தேவையா, வீட்டு வாசலிலேயே முடியுமா என்று சொல்ல, ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும், காரில் செருகி போனில் பிழை பார்க்கும் இஎல்எம்327 ப்ளூடூத் ஸ்கேனர் போதும். ஆனால் அது காட்டும் 'கோடு' எனும் பிழை எண்ணை மட்டும் படித்துவிட்டு பார்ட்ஸ் வாங்க ஓடினால் காசு தண்டம். இதன் மதிப்பு லைவ் டேட்டாவில்தான், அதாவது சென்சார்கள் அந்த நொடியில் காட்டும் அளவுகளில்தான் இருக்கிறது.

முதலில் எதை வாங்குவது. சந்தையில் இருப்பவை அநேகமாக எல்லாமே நகல்கள். அசல் சிப்பைச் செய்த கனடா நிறுவனம் 2022இல் கடையை மூடிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அந்த நிறுவனம் வெளியிடாத 'வி1.5' என்று அச்சிட்ட நகல்கள்தான் பெரும்பாலும் ஒழுங்காக வேலை செய்கின்றன. 'வி2.1' என்று வரும் மலிவு நகல்களில் பல கட்டளைகள் இருக்காது; கனெக்ட் ஆகும், பாதி சென்சார் காட்டாது. இதைச் சோதிக்க இலவச ஆப்கள் உண்டு. வந்த அன்றே ஓட்டிப் பார்த்து, கட்டளைகள் வரிசையாக ஃபெயில் ஆனால் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஐபோன்காரர்கள் சாதாரண ப்ளூடூத் மாடலை வாங்கினால் குப்பைதான், ப்ளூடூத் 4.0 அல்லது வைஃபை மாடல் வேண்டும்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே, டேஷ்போர்டின் அடிப்பக்கம் 16 பின் சாக்கெட் இருக்கிறது. ஸ்கேனரைச் செருகி, பிரேக்கை மிதிக்காமல் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் இக்னிஷன் மட்டும் ஆன் ஆகும். போனோடு இணைக்கக் கேட்கும் பின் நம்பர் 1234 அல்லது 0000. கோடைப் பார்த்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அழிக்கும் பட்டனைத் தொட்டால் கோடு மட்டுமல்ல, அது விழுந்த நேரத்தின் ஆர்பிஎம், வெப்பம், லோடு என்று பதிவான விவரமும் போய்விடும். பிறகு எந்த மெக்கானிக் வந்தாலும் இருட்டில் தடவ வேண்டியதுதான்.

விஆர்எஸ்ஸின் 2.0 டிஎஸ்ஐ டர்போ பெட்ரோல் என்ஜினில் இந்த டப்பா முழுசாகக் காசுக்கு உழைக்கும் இடம் மிஸ்ஃபயர், அதாவது ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது. பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டர். காயிலா (பிளக்குக்கு மின்சாரம் தருவது), பிளக்கா, பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டரா என்று கோடு சொல்லாது. என்ஜின் நன்றாக ஆறட்டும். காயில் கனெக்டரின் லாக் வெயிலில் காய்ந்து மொறுமொறுவென்று இருக்கும், நெம்பாமல் அழுத்தி விடுவியுங்கள். இரண்டாவது காயிலை நேராக மேலே இழுத்து மூன்றாவதில் போடுங்கள், மூன்றாவதை இரண்டாவதில். கோடை அழித்து 10 கிலோமீட்டர் ஓட்டுங்கள். பி0303 வந்தால் காயில் போச்சு, ஒன்றை மாற்றினால் போதும். மறுபடி பி0302 என்றால் அடுத்து பிளக்கை அதேபோல இடம் மாற்றிப் பாருங்கள். பிளக் மாட்டும்போது விரலால் கடைசி வரை திருகிவிட்டு அப்புறம்தான் டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்). அலுமினிய ஹெட், 14 மில்லிமீட்டர் மரை. 25 முதல் 30 நியூட்டன் மீட்டருக்கு மேல் போனால் மரை கையோடு வந்துவிடும். செக் என்ஜின் லைட் மின்னி மின்னி எரிந்தால் சோதனை ஓட்டமே வேண்டாம். எரியாத பெட்ரோல் சைலன்சருக்குப் போய் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுவிடும். காயில் விலை எங்கே, கன்வெர்ட்டர் விலை எங்கே!

அடுத்தது பி0171 அல்லது பி2279, பெட்ரோலுக்கு வேண்டியதைவிடக் காற்று கூடிவிட்டது என்பது. இங்கே ஃப்யூயல் டிரிம், அதாவது காரின் கணினி பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்று பார்க்க வேண்டும். ஷார்ட் (உடனடித் திருத்தம்), லாங் (நீண்ட காலத் திருத்தம்) இரண்டையும் கூட்டுங்கள். 5 சதவீதத்துக்குள் ஆடினால் கவலை இல்லை. ஐடிலிங்கில் 15, 20 என்று ஏறி, 2500 ஆர்பிஎம்மில் 3, 4க்கு இறங்கினால் வாக்குவம் லீக், அதாவது எங்கோ ஓட்டை வழியாகக் காற்று புகுகிறது. மாறாக, ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்க ஏறினால் பெட்ரோல் வரத்துப் பக்கம் பாருங்கள். ஐடிலிங் லீக்குக்கு இந்த என்ஜினில் முதல் சந்தேகம், என்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிசிவி வால்வின் ரப்பர் சவ்வு. ஐடிலிங்கில் ஆயில் மூடியைத் தூக்கிப் பாருங்கள். லேசாக உறிஞ்சுவது இயல்பு; மூடி பிடித்து இழுப்பதுபோல ஒட்டிக்கொண்டு விசில் அடித்தால் சவ்வு கிழிந்திருக்கிறது. அப்படியே விட்டால் கிராங்க் ஆயில் சீலும் கசிய ஆரம்பிக்கும்.

டர்போ அழுத்தம் குறைவு என்று பி0299 வந்தால், சென்சாரைக் குறை சொல்வதற்கு முன் ஒரு இலவசச் சோதனை. என்ஜினை அணைத்து, இக்னிஷன் மட்டும் ஆன் செய்து மேனிஃபோல்டு பிரஷரை, அதாவது என்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தைப் படியுங்கள். அது ஊரின் காற்றழுத்தத்தையே காட்ட வேண்டும்: கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் 95 கிலோபாஸ்கலை ஒட்டி, உயரத்தில் இருக்கும் ஓசூரில் 91ஐ ஒட்டி. இணையத்தில் படித்த 101 வரவில்லையே என்று நல்ல சென்சாரைக் கழற்றாதீர்கள். அது கடற்கரை கணக்கு. அளவு சரியாக இருந்து, சேலத்திலிருந்து தொப்பூர் ஏற்றம் ஏறும்போது மட்டும் மூச்சு வாங்கினால் டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ்களைத் துடைத்துப் பாருங்கள். கிளிப் பக்கத்தில் புதிதாக ஆயில் ஈரம் கசிந்திருக்கும் இடம்தான் ஓட்டை.

கூலன்ட் வெப்பத்துக்கும் ஸ்கேனரையே நம்புங்கள். டேஷ்போர்டு முள் 80க்கும் 100க்கும் நடுவே எதுவானாலும் 90இல் அசையாமல் நின்று சமாதானம் சொல்லும். ஹைவேயில் ஓடும்போது 70க்கு இறங்கினால் கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டது, பி0128 கூடவே வரும். டோல்கேட் வரிசையில் மட்டும் ஏறினால் ஃபேன். கூலன்ட் அளவு குறைந்துகொண்டே போய், பிளாஸ்டிக் வாட்டர் பம்ப் ஹவுசிங் ஓரம் இளஞ்சிவப்பாக உப்புப் பூத்திருந்தால் ஹவுசிங்கையே மாற்ற வேண்டும். அது வாசலில் வைத்துச் செய்கிற வேலை இல்லை, பெங்களூருக்கே போங்கள்.

சம்பந்தமில்லாத ஏழெட்டு கோடு ஒரே நாளில் விழுந்தால் எதையும் கழற்றாதீர்கள். முதலில் பேட்டரி: நின்ற வண்டியில் 12.4 வோல்ட்டுக்குக் கீழே என்றால் சார்ஜ் போட்டுவிட்டு மறுபடி படியுங்கள். அதுவும் சரி என்றால், மாந்தோப்பு ஓரம் நிறுத்துகிறவர்கள் பானெட்டைத் திறந்து எலி கடித்த வயரைத் தேடுங்கள்.

சாதாரண ஆப்பில் இதனால் ஆகாதது: ஏர்பேக், ஏபிஎஸ், டிஎஸ்ஜி எனும் இரட்டை கிளட்ச் ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ். டிஎஸ்ஜி குலுங்குகிறது என்றால் இந்த டப்பா வாயே திறக்காது. அதற்கு கியர்பாக்ஸ் வரை படிக்கும் விசிடிஎஸ் அல்லது ஓபிடிலெவன் ஸ்கேனர் வேண்டும், விலை பல மடங்கு. நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றுக்கு விடுவது புத்திசாலித்தனம்.

இன்னொரு குறை, சாக்கெட்டில் எப்போதும் கரண்ட் இருக்கும். செருகியபடி விட்டு வாரக்கணக்கில் வண்டியை நிறுத்தினால் பேட்டரி காலி. வேலை முடிந்ததும் பிடுங்கி டேஷ்போர்டு பெட்டியில் போட்டுவிடுங்கள்.

மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. சிப் சோதனையில் தேறாத நகலுக்கு ஒன்றுகூட இல்லை.