குஷிங் நோய் திரும்புகிறதா? துப்பலா, டெக்ஸா குளிசையா, சலமா

குஷிங் நோயில், மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியில் வரும் கட்டி, உடலில் கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோனைக் கூட்டிவிடும். அந்தக் கட்டியை மூக்கு வழியாக எடுத்தபின் முகம் வற்றி, பிரஷர் குளிசையும் சீனிக் குளிசையும் குறைந்துவிட்டால், வருத்தம் போய்விட்டது என்றே வீட்டில் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் அது திரும்பலாம். நோய் திரும்புகிறவர்களில் ஏறக்குறைய அரைவாசிப் பேருக்குத்தான் அது முதல் 5 வருடத்துக்குள் வருகிறது. மற்றவர்களுக்கு 10 வருடம் கழிந்தும் வரலாம். அதனால் வருடாவருடம், ஆயுள் முழுக்கப் பார்க்கவேண்டும். எம்ஆர்ஐயில் இதைத் தொடங்கக் கூடாது. படத்தில் ஒன்றும் தெரியாமலே கோர்ட்டிசோல் ஏறலாம்.

பரிசோதனைகள் மூன்று: சாமத்துத் துப்பல், டெக்ஸாமெதசோன் குளிசை போட்டபின் எடுக்கும் இரத்தம், 24 மணித்தியாலச் சலம். நான் முதலில் கேட்கச் சொல்வது சாமத்துத் துப்பலைத்தான். கோர்ட்டிசோல் விடிய உச்சத்தில் இருந்து, நடுச்சாமத்தில் அடிமட்டத்துக்கு இறங்கவேண்டும். நோய் திரும்பும்போது முதலில் கெடுவது இந்த இறக்கம். இரத்தத்தில் கோர்ட்டிசோலைப் பிடித்து வைக்கும் புரதம் நிரம்பி வழிந்தபின்தான் சலத்தில் அளவு ஏறும். ஆகவே சலம் சரி என்று சொல்லும் நாளிலேயே துப்பல் பிழை காட்டியிருக்கும்.

இன்னொன்று, இந்த நோய் சிலருக்கு ஏறி இறங்கும். ஒரு நாள் பார்த்துவிட்டு விடமுடியாது. 2, 3 இரவு எடுக்கவேண்டும். அதை வீட்டிலேயே எடுக்கலாம். நெடுந்தீவில் இருப்பவர் விடிய 8 மணிக்குப் பெரியாஸ்பத்திரியில் இரத்தம் கொடுக்க, முதல் நாளே பட்டணத்தில் தங்கவேண்டி வரும். 20 வருடம் விடாமல் செய்யவேண்டிய காரியத்தில் இந்த அலைச்சல்தான் ஆளைக் கைவிட வைக்கிறது.

எடுக்கும் முறை: இரவு 11 மணிக்கும் 12 மணிக்கும் இடையில், கடைசி அரை மணித்தியாலம் சாப்பிடாமல், பல் விளக்காமல் இருந்து, குழாயில் உள்ள பஞ்சை 1, 2 நிமிடம் வாயில் மென்று, கையால் தொடாமல் திரும்பக் குழாய்க்குள் துப்பி மூடுங்கள். பிரிட்ஜில் வைத்து ஆய்வுகூடத்துக்குக் கொடுக்கலாம். முரசில் இரத்தம் கசிந்தால் அந்த இரவை விடுங்கள். அதிமதுரமும் புகையிலையும் அன்று வேண்டாம். பொய்யாக ஏற்றிக் காட்டும். இருமலுக்கு அதிமதுரம் போட்ட கசாயம் குடித்ததைப் பலர் மறந்துவிடுவார்கள். ஹைட்ரோகோர்ட்டிசோன் கிறீம் பூசிய விரல் பஞ்சில் பட்டாலே முடிவு கெட்டுவிடும். இரவு வேலை செய்பவர்களுக்கு இந்தப் பரிசோதனை பொருந்தாது.

துப்பல் பார்க்க வசதி இல்லையென்றால், இரவு வேலைக்காரருக்கும், டெக்ஸாமெதசோன் (கோர்ட்டிசோல் சுரப்பதை அடக்கும் குளிசை) நல்ல மாற்று. இரவு 11 மணிக்கும் 12 மணிக்கும் இடையில் 1 மில்லிகிராம், அதாவது 0.5 மில்லிகிராம் குளிசை 2. மறுநாள் 8 மணிக்கும் 9 மணிக்கும் இடையில் இரத்தம். கோர்ட்டிசோல் லீற்றருக்கு 50 நானோமோலுக்குக் கீழே இறங்கவேண்டும் (வேறு அலகில் டெசிலீற்றருக்கு 1.8 மைக்ரோகிராம்). வலிப்புக்கு பெனிட்டோயின், கார்பமசெபீன், காசத்துக்கு ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு ஈரல் டெக்ஸாவை வேகமாகக் கரைத்துவிடும். அதனால் நோய் இல்லாவிட்டாலும் கோர்ட்டிசோல் இறங்காது. ஈஸ்ட்ரஜன் உள்ள கர்ப்பத்தடைக் குளிசையும் அப்படியே ஏமாற்றும். மருத்துவரிடம் கேட்டு 6 கிழமை நிறுத்தியபின் செய்யவேண்டும்.

24 மணித்தியாலச் சலம் எனக்கு மூன்றாவதுதான். விடியற்காலை முதற் சலத்தைக் கொட்டிவிட்டு, மறுநாள் அதே நேரம் வரை ஒரு துளி விடாமல் கானில் சேர்க்கவேண்டும். ஒரு தரம் தவறினாலும் கணக்குக் குறையும். சிறுநீரகம் பழுதானவருக்கும் குறைத்துத்தான் காட்டும்.

ஹைட்ரோகோர்ட்டிசோன் குளிசையில் இன்னும் இருப்பவர் இவை எதற்காகவும் அதைத் தானாக நிறுத்தக் கூடாது; உயிருக்கு ஆபத்து. எப்போது, எத்தனை மணித்தியாலம் நிறுத்துவது என்று கிளினிக்கில்தான் சொல்லவேண்டும். ஒரு முடிவு ஏறியதும் பயப்படாதீர்கள். மனச்சோர்வு, மது, கட்டுப்படாத சீனி எல்லாம் கோர்ட்டிசோலை ஏற்றும். இன்னொரு தரம், அதே ஆய்வுகூடத்தில் செய்யுங்கள். இடத்துக்கிடம் முறை வேறு, எல்லை இலக்கமும் வேறு. கிளினிக் கொப்பியில் இலக்கத்தோடு துப்பல் எடுத்த நேரத்தையும் எழுதுங்கள்.