பன்றிக்குட்டிக்கு ஆசிடிஃபையர்: சுண்ணாம்பு தின்றது போக மிச்சம்

பால் பிரித்த குட்டிகளுக்கு எந்த ஆசிடிஃபையர் (தீவனத்தில் கலக்கும் அமிலப் பொடி) வாங்கலாம் என்று கேட்கிறவர்களிடம் முதலில் திருப்பிக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: தீவனத்தில் கால்சியத்துக்காகப் போடும் சுண்ணாம்புக்கல் தூள் டன்னுக்கு எத்தனை கிலோ? பல மாதம் போட்ட பிறகும் எரிச்சல் தருவது இந்த இடம்தான். மூட்டையின் மேல் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

கணக்கு எளிது. சுண்ணாம்புக்கல் என்பது கால்சியம் கார்பனேட். அது சுத்தமாக 1 கிலோ இருந்தால், ஃபார்மிக் அமிலம் 920 கிராமைச் செயலிழக்கச் செய்யும். சிட்ரிக் என்றால் சுமார் 1.28 கிலோ. டன்னுக்கு 10 கிலோ சுண்ணாம்பு போட்டுவிட்டு, 5 கிலோ ஆசிடிஃபையர் பொடி சேர்க்கிறோம். அந்தப் பொடியிலும் ஒரு பங்கு சிலிக்கா மாதிரியான தாங்கிப் பொருள். குட்டியின் வயிற்றில் ஈரம் பட்டதும் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

தாய்ப்பாலில் இருக்கும்வரை குட்டிக்கு இந்தச் சிக்கல் இல்லை. பாலிலுள்ள லாக்டோஸை லாக்டோபேசில்லஸ் பாக்டீரியா புளிக்க வைத்து லாக்டிக் அமிலம் ஆக்கிவிடும். 21 முதல் 28 நாளில் பால் பிரித்ததும் அது நின்றுவிடும். வயிறு சொந்தமாகச் சுரக்கும் அமிலமோ இன்னும் போதாது. வயிற்றின் பிஹெச் (எண் குறைந்தால் அமிலம் அதிகம்) 4-க்கு மேலேயே நின்றால், புரதத்தைச் செரிக்கும் பெப்சின் நொதி சரியாக வேலை செய்யாது. செரிக்காத புரதம் கீழே இறங்கி கழிச்சல் தரும் ஈ.கோலை பாக்டீரியாவுக்குத் தீனியாகும். பால் பிரித்த நான்காம் நாள், ஐந்தாம் நாள் வரும் தண்ணிக் கழிச்சலின் வழி பெரும்பாலும் இதுதான்.

ஆகவே மாற்ற வேண்டியது ஃபார்முலா. பால் பிரித்த முதல் இரண்டு வாரத் தீவனத்தில் மட்டும் சுண்ணாம்பைக் குறைத்து, ஃபைட்டேஸ் (தானியத்தில் பூட்டிக்கிடக்கும் பாஸ்பரஸையும் கால்சியத்தையும் விடுவிக்கும் நொதி) சேர்த்து, கால்சியத்தில் ஒரு பகுதியைக் கால்சியம் ஃபார்மேட்டாகக் கொடுத்தால், அதே 5 கிலோ பொடிக்கு அப்போதுதான் உயிர் வருகிறது. சாணம் கெட்டிப்படுவதும், வால் அடியில் ஈரம் காய்வதும் கண்ணுக்குத் தெரியும். இந்த வித்தியாசம் உண்மையிலேயே சந்தோஷம் தருகிற விஷயம், அதில் சந்தேகமில்லை.

ஒப்பிட ஒரு சின்னச் சோதனை. 10 கிராம் தீவனத்தை 90 மில்லி காய்ச்சி வடித்த தண்ணீரில் கலக்கிப் பத்து நிமிடம் விட்டு, பிஹெச் மீட்டரை வைத்து, வினிகரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு 4-க்கு இறங்க எத்தனை மில்லி ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பழைய ஃபார்முலாவுக்கும் புதியதற்கும் செய்தால் போதும். அதிக மில்லி குடிக்கும் தீவனம், குட்டியின் வயிற்று அமிலத்தையும் அப்படியே குடிக்கும். கழிச்சலைத் தடுக்கச் சேர்க்கும் துத்தநாக ஆக்சைடும் இதே ரகம். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனில் அதன் மருத்துவ அளவுப் பயன்பாட்டை நிறுத்தியது சுற்றுச்சூழல் காரணத்துக்காக. அது அமிலத்தைத் தின்பது வேறு விஷயம்.

கலக்கும்போது 5 கிலோவை நேராக மிக்சரில் கொட்டாதீர்கள். 20 கிலோ மக்காச்சோள மாவில் முன்கலவை செய்து, பிறகு சேருங்கள். வாய் திறந்த மூட்டை ஈரம் இழுத்துக் கல்லாகும். மேல்பூச்சு இல்லாத ஃபார்மிக் அமிலம் கண்ணைக் கரிக்கும், துத்தநாகம் பூசிய தகரத்தை அரிக்கும்.

 

ஆசிடிஃபையர் எதற்கு உதவாது என்பதையும் சொல்லிவிடலாம். 7 முதல் 14 நாள் வயதில், பால் குடிக்கும்போதே மஞ்சள் பேஸ்ட் மாதிரி கழிந்தால் அது காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணியாக இருக்கலாம்; கால்நடை மருத்துவரிடம் போங்கள். தரை குளிர்ந்திருந்தாலும் குடிநீர் நிப்பிளில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தாலும் எந்தப் பொடியும் காப்பாற்றாது.

இத்தனை குறை சொல்லியும் இந்தப் பொடியை நிறுத்த மனமில்லை. ஆனாலும் தராசும் ஃபார்முலாத் தாளும் இல்லாமல் தீவனம் கலக்கும் நண்பருக்குச் சிபாரிசு செய்யவும் மாட்டேன். அவர் முதலில் சுண்ணாம்பை எடை போடட்டும். அதையும் மூன்றாவது வாரத்தில் பழைய அளவுக்குக் கொண்டுவர மறந்தால், வளரும் குட்டியின் கால் வளையும்.