சென்சாரில் தூசி: ஊத வேண்டியது எப்போது, துடைக்க வேண்டியது எப்போது

லென்ஸை மாற்றி மாட்டும் கேமராவை நெடுங்காலம் வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சாம்பல் புள்ளி நன்றாகவே அறிமுகம். எடுத்த படங்கள் அத்தனையிலும், வானத்தின் அதே இடத்தில், ஓரம் கலங்கிய ஒரு வட்டம். சில சமயம் வட்டத்துக்குப் பதிலாகச் சுருண்டு கிடக்கும் ஒரு நூலிழை. முதலில் உள்ளே சாய்ந்த கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர், பிறகு அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் என்று இரண்டு வகையிலும் பல ஆண்டுகளாக இந்தத் தூசியோடு மல்லுக்கு நிற்கிறேன். ஊதிப் பார்த்தாயிற்று, ஒட்டி எடுத்துப் பார்த்தாயிற்று, ஈரத்தில் துடைத்தும் பார்த்தாயிற்று. பயத்தில் கடைசிவரை கையே வைக்காதவர்களும் இருக்கிறார்கள்; வாரம் தவறாமல் துடைத்து, ஒளியைப் படமாக்கும் சென்சாரைப் பாடாய்ப் படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் தேவையில்லை என்பது என் முடிவு.

உண்மையில் தூசி சென்சாரின் மீது உட்காருவதே இல்லை. ஒளியை உணரும் பரப்புக்கு முன்னால் ஒரு கண்ணாடி அடுக்கு இருக்கிறது. அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கும் வடிகட்டி அதில்தான் உள்ளது. தூசி படிவது அந்தக் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில். அதற்கும் பிக்சல்களுக்கும் நடுவே உள்ள சிறிய இடைவெளிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. லென்ஸில் ஒளி நுழையும் துளையான அப்பர்ச்சர் அகலமாகத் திறந்திருக்கும்போது ஒளி பல கோணங்களில் வந்து விழுவதால் தூசியின் நிழல் பரவிக் கரைந்துவிடும். எஃப்/16, எஃப்/22 என்று சுருக்கினால் அதே நிழல் சிறுத்து, கருத்து, கூர்மையாக விழும். எஃப்/2.8 என்று அகலத் திறந்து வைத்து முகங்களை எடுக்கிறவர் ஆண்டுக்கணக்கில் தூசியைக் காணாமலே இருக்கலாம். அதே கேமராவில் நிலக்காட்சி எடுக்கிறவர் முதல் நாளே திடுக்கிடுவார். சிறு பொருள்களை மிக நெருங்கி மேக்ரோ எடுப்பவர்கள் பாடு இன்னும் கஷ்டம். பொருளின் உண்மை அளவிலேயே பிம்பம் விழும் 1:1 உருப்பெருக்கத்தில் எஃப்/8 என்று வைத்தாலும் ஒளிக்கற்றை ஏறத்தாழ எஃப்/16 அளவுக்கு ஒடுங்கிவிடுகிறது. மறைந்திருந்த தூசியெல்லாம் வரிசையாக வெளியே வரும். லென்ஸின் முன்கண்ணாடியில் இருக்கும் தூசியோ பெரும்பாலும் படத்தில் புள்ளியாக விழாது. ஆகவே புள்ளி தெரிந்ததும் லென்ஸைத் துடைக்க ஆரம்பிப்பதில் பயனில்லை.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. குறைந்த ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்), எஃப்/16, ஃபோகஸ் வேண்டுமென்றே கலங்கியிருக்க வேண்டும். வெறும் வானத்தையோ வெள்ளைத் திரையையோ நோக்கி, ஷட்டர் திறந்திருக்கும்போதே கேமராவை மெல்ல அசைத்து ஒரு படம் எடுங்கள். எதிரில் உள்ளதெல்லாம் இழுபட்டு மறையும். தூசியின் நிழல் மட்டும் நின்ற இடத்தில் நிற்கும். கணினியில் முழு அளவில் விரித்து, கான்ட்ராஸ்ட்டை நன்றாக ஏற்றி, மூலைக்கு மூலை பாருங்கள். இந்தச் சோதனையை எஃப்/22-இல் மட்டும் செய்து கலங்கிப் போகிறவர்கள் உண்டு. நீங்கள் வழக்கமாக வைக்கும் அப்பர்ச்சரிலும் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். அதில் ஒன்றும் தெரியவில்லையென்றால் கேமராவை மூடி வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

புள்ளி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. லென்ஸ் பிம்பத்தைத் தலைகீழாகவும் இடவலம் மாற்றியும் விழச் செய்கிறது. ஆனால் சுத்தம் செய்யும்போது நாம் சென்சாரை முன்பக்கத்திலிருந்து பார்க்கிறோம். அதனால் இடவலம் மறுபடி நேராகிவிடும், மேல்கீழ் மட்டும் மாறியிருக்கும். படத்தின் மேல் இடது மூலையில் புள்ளி இருந்தால், உங்கள் கண்ணெதிரே தூசி கீழ் இடது மூலையில் இருக்கும். இது மனத்தில் பதிந்துவிட்டால் பாதித் தேடல் மிச்சம்.

கேமராவே தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் வசதி 2003-இல் வந்த ஒலிம்பஸ் இ-1 கேமராவில் தொடங்கியது. சென்சாருக்கு முன்னால் உள்ள கண்ணாடியை மீயொலி அதிர்வில் நடுங்க வைத்துத் தூசியை உதறும் ஏற்பாடு. இன்று ஏறக்குறைய எல்லாக் கேமரா நிறுவனங்களும் ஏதோ ஒரு வகையில் இதைத் தருகின்றன. உலர்ந்த, லேசான தூசிக்கு இது உண்மையிலேயே வேலை செய்கிறது. நான் இதை அணைத்து வைப்பதே இல்லை. கேமராவை மேசையில் நேராக நிறுத்தி இயக்கினால் உதிர்ந்தது கீழே விழும். மகரந்தம், ஈரம் பட்டு ஒட்டிக் காய்ந்தது, எண்ணெய்த்துளி ஆகியவற்றிடம் இந்த உதறல் பலிக்காது.

அடுத்தது ரப்பர் ப்ளோயர். என் அனுபவத்தில் பத்தில் எட்டுப் புள்ளி இதிலேயே போய்விடும். பையில் கிடந்த ப்ளோயரை எடுத்தவுடன் சென்சார் மேல் ஊதாதீர்கள். முதலில் வெளியே சில முறை அழுத்தி, அதற்குள் இருக்கும் தூசியை விரட்டுங்கள். டிஎஸ்எல்ஆர் என்றால், சென்சாருக்கு முன்னால் நிற்கும் அந்தச் சாய்ந்த கண்ணாடி தூக்கிக்கொள்ளும் முன்பே உள்ளறையை ஊதிவிட வேண்டும்; இல்லாவிட்டால் அங்கே கிடப்பதை நாமே சென்சாருக்கு அனுப்பி வைக்கிறோம். பிறகு கேமரா மெனுவில் சென்சாரைச் சுத்தம் செய்யும் முறையைத் தேர்ந்தெடுத்து, கேமராவின் வாயைத் தரையை நோக்கிப் பிடித்து, குழாய் முனை எதையும் தொடாமல் ஊத வேண்டும். மிரர்லெஸ்ஸில் ஷட்டர் திரை மூடியிருக்கும்போது அதன் மேல் ஊதக்கூடாது. அந்த மெல்லிய தகடுகள் எளிதில் வளையும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். அழுத்தக் காற்று டப்பா அதைவிட மோசம்: உள்ளே இருக்கும் திரவம் சீறி வந்து கண்ணாடியில் படிந்தால் தூசியைவிடப் பெரிய வேலையாகிவிடும்.

ஊதியும் அசையாத ஒற்றைத் துகளுக்கு ஒட்டும் ஜெல் குச்சி நல்ல கருவி. மெல்ல வைத்து, மெல்ல எடுத்து, ஒவ்வொரு தொடுதலுக்கும் பிறகு கூடவே தரும் பசைத்தாளில் அதைச் சுத்தம் செய்ய வேண்டும். சென்சார்ப் பூச்சுகள் எல்லாம் ஒன்றல்ல. உங்கள் கேமராவுக்குப் பொருந்தும் என்று தயாரித்தவர் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள். எண்ணெய்ப் புள்ளி இருக்கும் இடத்தில் அதைக் கொண்டுபோகவே கூடாது. தூரிகையை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. உள்ளறையின் ஓரத்தில் இருக்கும் மசகு ஒரு முறை மயிரில் பட்டுவிட்டால், அது கண்ணாடி முழுவதும் கோடு இழுத்துவிடும்.

எல்லோரும் நடுங்கும் ஈரத் துடைப்புக்கு வருவோம். நாம் தொடுவது வடிகட்டிக் கண்ணாடியை, சிலிக்கானை அல்ல. இதைத் தெரிந்துகொண்டு செய்தால் கை நடுங்காது. 36×24 மி.மீ. முழுச்சட்ட சென்சாருக்கு 24 மி.மீ. அகல ஸ்வாப் (முனையில் துணி சுற்றிய தட்டையான துடைப்புக் குச்சி), அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி அளவுக்கு 16 மி.மீ. ஸ்வாப். அகலம் சென்சாரின் உயரத்துக்குச் சரியாக இருந்தால்தான் ஒரே இழுப்பில் முடியும். பேட்டரி முழுதாக ஏற்றியிருக்க வேண்டும். நடுவில் மின்சாரம் தீர்ந்தால் ஷட்டர் ஸ்வாப்பின் மேலேயே மூடிக்கொள்ளும். முதலில் கட்டாயம் ஊதிவிடுங்கள். மணல் துகள் ஒன்று கிடந்தால் ஸ்வாப்புக்கு அடியில் சிக்கி அதுதான் கீறும், துணி கீறாது.

ஸ்வாப்பின் விளிம்பில் இரண்டு துளி திரவம் போதும். அது பரவ ஓரிரு விநாடி விட்டு, இடது ஓரத்தில் வைத்து, கைப்பிடியை இழுக்கும் திசையில் லேசாகச் சாய்த்து, ஒரே வேகத்தில் வலது ஓரம்வரை கொண்டுபோக வேண்டும். அங்கே எடுத்து, திருப்பி, மறுபக்கத்தால் திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான்; அந்த ஸ்வாப்பை எறிந்துவிடுங்கள். சரியான அளவு ஈரம் என்றால், பின்னால் மெல்லிய படலம் ஒன்று வானவில் நிறம் காட்டிச் சில விநாடிகளில் மறைந்துவிடும். ஓரத்தில் கோடாகவோ திட்டாகவோ காய்ந்து நின்றால் துளி அதிகமாகிவிட்டது என்று பொருள்; புதிய ஸ்வாப்பில் திரவத்தைக் குறைத்து இன்னொரு முறை இழுக்கலாம். இந்தத் திரவங்கள் பலவற்றில் மெத்தனால் இருக்கிறது. தீப்பற்றும், நச்சும்கூட. ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். உள்ளேயே நடுக்கம் தடுக்கும் கேமராக்களில் சென்சார் மிதந்தபடி இருக்கும். அங்கே அழுத்தத்தை இன்னும் குறைக்க வேண்டும். அத்தகைய கேமராவில் கண்ணாடியைத் தொடலாமா என்பதைக் கையேட்டில் முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

இத்தனையும் செய்த பிறகும் மறுநாளே புள்ளி திரும்பி வந்தால், தூசி வரும் வழி வேறு எங்கோ இருக்கிறது. பெரும்பாலும் மூடிகளில். லென்ஸின் பின்மூடியைக் கழற்றி விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். உள்வரியில் உலோகப் பொடியும் பஞ்சும் படிந்திருக்கும். அதை மாட்டி வைத்த லென்ஸின் பின்பக்கம் அவ்வளவையும் ஏந்திக்கொண்டு கேமராவுக்குள் போகிறது. நான் மூடிகளைச் சோப்பு நீரில் கழுவி நன்கு உலர்த்தி வைக்கிறேன், லென்ஸ் பொருந்தும் மவுன்ட் வளையத்தை உலர்ந்த மைக்ரோஃபைபரால் துடைக்கிறேன், மூடியைச் சட்டைப் பையில் போடுவதே இல்லை. ஸ்வாப் செலவு இதில்தான் குறைந்தது. எந்த விலையுயர்ந்த கருவியும் இவ்வளவு பலன் தரவில்லை.

மிரர்லெஸ் வந்த பிறகு தூசி கூடிவிட்டது என்பது உண்மைதான். லென்ஸைக் கழற்றினால் சென்சார் முகத்துக்கு நேரே நிற்கிறது. கேனான் 2018-இல் இஓஎஸ் ஆர் கேமராவில், அணைத்ததும் ஷட்டர் மூடிக்கொள்ளும்படி செய்தது. இயந்திர ஷட்டரே இல்லாத நிக்கான் இசட்9 2021-இல் தனிக் கவசத்தோடு வந்தது. உங்கள் கேமராவில் அப்படி ஒரு தேர்வு இருந்தால் இயக்கி வையுங்கள். ஆனாலும் சுத்தம் செய்ய மிரர்லெஸ்தான் எனக்கு வசதி. ஆழம் குறைவு, வெளிச்சம் நன்றாக விழும், கை எங்கே போகிறது என்பது தெரியும்.

எண்ணெய் வேறு கதை. புதிய கேமராவில் ஷட்டர் இயங்க இயங்க மசகு தெறித்து, நடுவில் வெளிறி ஓரம் கருத்த வட்டங்களாக விழுவதுண்டு. 2012-இல் வந்த நிக்கான் டி600-இல் இப்படிப் புள்ளிகள் குவிந்து பெரிய புகாராகி, உத்தரவாதம் முடிந்திருந்தாலும் இலவசமாகச் சுத்தம் செய்து ஷட்டரை மாற்றித் தருவதாக 2014-இல் அந்த நிறுவனமே அறிவித்தது. உத்தரவாதக் காலத்தில் எண்ணெய்ப் புள்ளி கண்டால் நீங்களாகத் துடைத்துக்கொண்டே இருக்காமல், சோதனைப் படங்களைச் சேர்த்து வைத்துச் சேவை மையத்துக்குக் கொண்டுபோங்கள்.

ஏற்கெனவே எடுத்த படங்களை மென்பொருளில் சரிசெய்யலாம். தூசி ஒரே இடத்தில் இருப்பதால் ஒரு படத்தில் செய்த திருத்தத்தை மற்றவற்றுக்கும் நகலெடுக்க முடிகிறது. அடியில் உள்ள காட்சி மாறுவதால் ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது மட்டும் அவசியம். வீடியோவில் இது பெரும்பாடு. கேமரா நகரும்போது வானம் நகரும், புள்ளி நகராது. கண் நேராக அங்கேதான் போகும். சிறிய அப்பர்ச்சரில் வீடியோ எடுக்கப் போகிறீர்கள் என்றால் முந்தின நாளே சோதனைப் படம் எடுத்துவிடுங்கள்.

இரண்டு முறை சரியாக ஈரத்தில் துடைத்தும் ஒரு புள்ளி இம்மியும் நகரவில்லையென்றால் மூன்றாவது முறை அழுத்தித் தேய்க்காதீர்கள். அது கீறலாக இருக்கலாம், அல்லது கண்ணாடி அடுக்குக்கும் சென்சாருக்கும் நடுவே சிக்கிய துகளாக இருக்கலாம். வெளியிலிருந்து எந்தக் கருவியும் அதை எட்டாது. அடுக்கைப் பிரித்துச் செய்யும் அந்த வேலை சேவை மையத்துக்கு உரியது.