பெயாலிம் இணைய அகராதி: ‘நோஃப்’ தேடினால்

நிலக்காட்சியைக் குறிக்கும் எபிரேயச் சொல்லான ‘நோஃப்’ கற்பவர்களுக்கு, இலவசமான பெயாலிம் தளத்தையே முதலில் பரிந்துரைப்பேன். உயிர்க்குறி (உயிரொலியைக் காட்டும் புள்ளி, கோடு) இல்லாத அச்சில், ‘ஓ’, ‘ஊ’ இரண்டுக்கும் வரும் வாவ் எழுத்தை ‘ஊ’ என்று படித்து, ‘நூஃப்’ என உச்சரித்துவிடுவார்கள். இங்கே உயிர்க்குறியும் அழுத்தமும் தெளிவாக உண்டு. ஆண்பால், பன்மை நோஃபீம். சொல் இறுதியில் வரும் பே எழுத்தின் நீண்ட வடிவம், பன்மையில் சாதாரண வடிவமாகிவிடும். பன்மையின் தொகைநிலை (அடுத்த பெயர்ச்சொல்லோடு சேரும் வடிவம்) நோஃபே; ‘கலிலேய நிலக்காட்சிகள்’ என்பதற்கு நோஃபே ஹகலீல்.

குறை, பொருள் விளக்கம் மிகச் சுருக்கம். பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் இதே சொல் மரத்தின் கிளைப்பரப்பைக் குறிக்கும். பழைய நூல் படிப்பவருக்கு அது அவசியம். ‘அத்ரிகால் நோஃப்’ (நிலக்காட்சி வடிவமைப்பாளர்) போன்ற தொடர்களுக்கு மோர்ஃபிக்ஸ் எபிரேய–ஆங்கில அகராதியையும் கூடவே திறந்து வையுங்கள்.