அம்மாவின் சொத்தைப் பற்களும் பனங்கற்கண்டு டப்பாவும்

கும்பகோணத்தில் இம்முறை என்னைக் கோபப்படுத்தியதும் வியக்கவைத்ததும் அம்மாவின் பற்சொத்தைதான். பத்திர வேலை, வங்கி வேலை எல்லாம் முடிந்துவிட்டன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

புதிதாகத் திறந்திருக்கும் குளிர்சாதனப் பல் மருத்துவமனை ஒன்றுக்கே முதலில் அழைத்துச் சென்றேன். வாசலில் 'முழு உடல்நலப் பல் பராமரிப்பு' என்று பலகை. உள்ளே அலமாரி நிறைய ஆயில் புல்லிங் எண்ணெயும் கரித்தூள் பற்பசையும். அம்மா என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எக்ஸ்ரே எடுத்த கையோடு, ஈறோரம் சொத்தை தொடங்கிய பற்கள் அனைத்துக்கும் வேர் சிகிச்சை, மேலே கேப் என்று ஒரு பேக்கேஜ் விலைப்பட்டியலைக் கையில் திணித்தார்கள். லண்டனில் என்.ஹெச்.எஸ். என்னும் அரசு மருத்துவச் சேவையின் பல் மருத்துவரிடம் இடம் கிடைக்காமல் அலைந்து பழகிய எனக்கு, போனவுடன் பார்த்ததே பெரிதாகத் தோன்றியது. கூட்டுத்தொகையைப் பார்த்ததும் அந்த மகிழ்ச்சி போய்விட்டது.

அக்கா சொன்னதன் பேரில், மறுநாள் கடைத்தெரு மாடியிலுள்ள பழைய கிளினிக்குக்குப் போனோம். டோக்கன், மரப்பெஞ்சு, கிறீச்சிடும் மின்விசிறி எல்லாம் என் பள்ளி நாட்களில் இருந்தபடியே இருந்தன. டாக்டர் வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன், "காலையில எழுந்ததுலேருந்து படுக்கிற வரைக்கும் என்னென்ன சாப்பிடுறீங்க, ஒண்ணு விடாம சொல்லுங்கம்மா" என்றார். விடியற்காலைக் காப்பி, பதினொரு மணிக் காப்பி, மூன்றரை மணிக் காப்பி, படுக்குமுன் சர்க்கரை போட்ட பால் என்று அம்மா சொல்லச் சொல்ல, மருந்துச் சீட்டின் பின்புறத்தில் நேரம் குறித்துச் சிறு கோடுகளாகப் போட்டுக்கொண்டே வந்தார். "வாய் காயுதா?" என்று கேட்டபோதுதான் அம்மா சுருக்குப்பையிலிருந்து பனங்கற்கண்டு டப்பாவை எடுத்தார். நாள் முழுவதும் ஒரு துண்டைக் கன்னத்தில் ஒதுக்கிவைத்திருப்பது அவர் வழக்கம். டாக்டர் சீட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நீளமாக ஒரே கோடு இழுத்தார்.

"பனங்கற்கண்டு மருந்துதானே தம்பி?"

"தொண்டைக்கு மருந்துதாம்மா. பல்லுல இருக்கிற கிருமிக்கு அது சர்க்கரை."

இனிப்பு உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் கிருமிகள் அதை அமிலமாக்குவதாகவும், அமிலம் கூடக் கூடக் குறையும் பி.எச். அளவு 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேலுறையான எனாமல் கரையத் தொடங்குவதாகவும், உமிழ்நீர் அதைச் சமன்செய்ய அரைமணி நேரமோ அதற்கு மேலோ ஆவதாகவும் அவர் விளக்கினார். அம்மாவுக்கோ உமிழ்நீரே குறைவு. ஒவ்வாமை மாத்திரையும், நரம்பு வலிக்கென இரவில் போடும் அமிட்ரிப்டிலினும் வாயை உலர்த்துபவை. ஈறு இறங்கி வெளித்தெரியும் வேர்ப்பகுதிக்கு எனாமல் கவசமும் கிடையாது. மாத்திரையை மாற்ற முடியுமா, ரத்தச் சர்க்கரை எப்படி இருக்கிறது என்று குடும்ப மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதினார். தொடக்கநிலைச் சொத்தைகளுக்கு, பல்லை உறுதிப்படுத்தும் ஃபுளூரைடு கலந்த வார்னிஷ் பூச்சைப் பூசி, ஆழமான ஒரே பல்லை மட்டும் அடைத்தார். கற்கண்டுக்குப் பதில் அடிக்கடி ஒரு மிடறு தண்ணீர், காப்பி சாப்பாட்டு வேளையோடு மட்டும், பால் சர்க்கரையின்றி என்பவையே மீதிச் சிகிச்சை. லண்டனிலும் மாத்திரைகளைப் படிவத்தில் நிரப்பச் சொல்வார்கள். அதைப் படித்துவிட்டு இப்படிக் கேள்வி கேட்ட ஒருவரை அங்கே நான் சந்தித்ததில்லை.

ஆனால் அங்கே 2018இல் குளிர்பானங்களுக்குச் சர்க்கரை வரி வந்ததையொட்டி நிறுவனங்கள் பலவும் இனிப்பைக் குறைத்தன. இங்கே காப்பிக்கடையில் 'சர்க்கரை கம்மி' என்று இரண்டு தடவை சொல்லியும் டம்ளர் அடியில் கரையாத சர்க்கரை கிடக்கிறது.

டாக்டர் எழுதிக்கொடுத்த 1000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) ஃபுளூரைடு பற்பசையைக் கேட்டால், மருந்துக்கடைக்காரர் கிராம்பும் வேம்பும் சேர்த்ததையே நீட்டி, ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று எனக்கே பாடம் நடத்தினார். வேப்பங்குச்சி கடித்து வளர்ந்தவன்தான் நானும். வாய் வறண்ட முதியவருக்கு அது மட்டும் போதாது. அட்டைப்பெட்டியின் பின்புறப் பொடியெழுத்தைப் படித்துப் படித்து, வேறொரு கடையில்தான் வாங்கினேன்.

டப்பா இப்போது அக்காவின் வசம். சர்க்கரையில்லாத பாலுக்கு மட்டும் அம்மா இன்னும் இணங்கவில்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி வார்னிஷ் பூசப் போகும்போது டாக்டரே பேசிக்கொள்ளட்டும் என்று அக்கா விட்டுவிட்டாள்.